தில்லைமரக் கரையில் தண்ணீர் ஊற்றியது யார்?

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள், வேறு யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நான் கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஸ்டோருக்குப் பின்னால் வெள்ளைப் புடவை நடமாடுகிறது என்று ஷிஃப்ட் ஆட்கள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தபோது, டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், கம்பியில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துக் கொண்டுவந்து கேன்டீன் மேசையில் போட்டவன் நான். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பியதில்லை. இப்போதும் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கை எடுத்துக்கொண்டு ரோடு இல்லாத இடமாகப் பார்த்துப் போவது என் பைத்தியம். கொள்ளிடத்துப் படுகை, வீராணத்து ஏரிக்கரை, லால்பேட்டைக்கு அப்பால் வாய்க்கால் கரை, எதையும் விட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் வீடியோவில் மலையையும் பனியையும் காட்டுவார்கள், நம் பக்கத்தில் ஆஃப் ரோடு என்றால் முள்தான். சீமைக்கருவேல முள் டயரையும் குத்தும், பூட்ஸையும் குத்தும், உடைந்து உள்ளே தங்கிவிட்டால் சீழ் வைத்துவிட்டுத்தான் வெளியே வரும். செந்தட்டிச் செடி பட்டால் அந்த இடம் நெருப்புப் பட்டதுபோல் எரியும், சொறிந்தால் போச்சு, ஒட்டுகிற டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்தால்தான் சுணை கொஞ்சமாவது கழன்று வரும். இதெல்லாம் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டது. "பெட்ரோலப் போட்டுக்கிட்டுப் போயி முள்ளுல விழறீங்க, நீங்கதான் ஊருக்கெல்லாம் சேஃப்டி சொல்றீங்க" என்பாள் என் மனைவி.

அன்றைக்கு என்னோடு வந்தது அவள் தம்பி சதீஷ். மேல்பட்டாம்பாக்கத்தில் மாமனாருக்குக் கரும்பு விவசாயம், அந்தக் குடும்பத்தில் சர்க்கார் வேலையின் வாசல் வரைக்கும் போனவன் இவன் ஒருத்தன்தான். ரயில் ஓட்டுகிற வேலை. பரீட்சையெல்லாம் பாஸாகி மெடிக்கல் மட்டும் பாக்கி, அதுவும் அடுத்த வாரம். அந்த மெடிக்கலில் கண்தான் எல்லாமே, கண்ணாடி போடாமல் சின்ன எழுத்து வரைக்கும் படிக்க வேண்டும், லேசாகக் குறை தெரிந்தாலும் அனுப்பிவிடுவார்கள்.

"மெடிக்கல் முடியட்டும் மச்சான், அப்பறம் போவலாம்" என்று நான் சொல்லத்தான் செய்தேன். அவன் கேட்கவில்லை. "வீட்லயே உக்காந்துனு இருந்தா டென்ஷன்தான் ஜாஸ்தி ஆவுது மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்" என்றான். என் மனைவி வாசலில் நின்று, "அவன முழுசா கொண்டாந்து சேருங்க" என்றாள், விளையாட்டாகத்தான்.

இரண்டு வண்டியிலும் பரங்கிப்பேட்டை தாண்டி, கிள்ளைப் பக்கம் போய், பிச்சாவரம் காட்டுக்குள் நுழையாமல் அதன் ஓரமாக, கைவிட்ட இறால் குட்டைகளின் கரையில் இறங்கினோம். நல்ல வெயில் காலம், குட்டையெல்லாம் வறண்டு உப்புப் பூத்துக் கிடந்தது. கரை முழுக்கச் சீமைக்கருவேலம், ஒரு வண்டி புகுந்து போகிற அளவுக்குத்தான் வழி. கிளை வந்தால் முகத்தைக் காட்டாதே, தலையைக் குனி, ஹெல்மெட்டின் முன்தகட்டில் வாங்கு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவனும் அப்படியேதான் செய்துகொண்டு முன்னால் போனான், ஆனால் வியர்வையில் ஆவி படிகிறது என்று ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

முள் குறைந்து பச்சையாக, பளபளவென்று இலை வைத்த மரங்கள் வந்தன. அப்பாடா, முள்ளில்லாத மரம் என்றுதான் நினைத்தேன். அவன் ஹேண்டில்பாரில் ஒரு கிளை மாட்டி முறிந்து முகத்தில் அடித்தது, வண்டி சாய்ந்தது, அவன் எழுந்து நின்றான், சிரித்தான்கூட. அப்புறம்தான் கத்தினான். முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அது தில்லைமரம், பால் பட்டால் கண்ணே போய்விடும். சிதம்பரத்துக்கே அதுதான் பழைய பேர், அந்தப் பேரை எத்தனை முறை சொல்லிக் கும்பிட்டிருக்கிறேன், மரத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு டிரம்மிலும் என்ன இருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், இது தெரியவில்லை.

"எரியுது மாமா, ஒன்னும் தெர்ல மாமா" என்று அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டிபோட்டுவிட்டான். கண்ணில் எது பட்டாலும் முதல் வைத்தியம் தண்ணீர், நிறையத் தண்ணீர், உடனே. என் முதுகுப் பையில் குழாய் வைத்த தண்ணீர்ப்பை இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் தோல். வழியில் கருவேல முள் பையைத் துளைத்து உள்ளேயும் குத்தியிருக்கிறது, முதுகில் வழிந்ததை வியர்வை என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் பாட்டிலை நெருஞ்சி குத்திய டயரைக் கழுவுகிறேன் என்று முன்னமே காலி செய்திருந்தான். ஓடைத் தண்ணீராவது ஊற்றலாம் என்றால் கடல் ஓதம் இறங்கி வற்றி வெறும் கறுப்புச் சேறு. போனில் சிக்னல் இல்லை. அவன் இமை வீங்கி மூடிக்கொள்வது என் கண்ணெதிரே தெரிந்தது. பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, என் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் முதலில் வந்தது.

"கண்ணத் தேய்க்காத மச்சான், இங்கியே உக்காரு, அசையாத, தண்ணி கொண்டாறேன்" என்று கருவேல நிழலில் உட்கார வைத்துவிட்டு வண்டியை முறுக்கினேன். வந்த வழியே போனதில் இரண்டு கையிலும் முள் கீறி ரத்தம் வந்தது, தெரியவில்லை. கரை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு, ஒரு அம்மா வலை காய வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே ஓடிப்போய் இரண்டு பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். "கேன் தண்ணிப்பா, கண்ணுக்கு இதான் ஊத்தணும். இங்க எங்க தோண்டுனாலும் உப்புத்தான்" என்றார். அந்தக் கரையில் வேறு யாராவது இருக்கிறார்களா, துணைக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "காலையிலேர்ந்து உங்க வண்டிச் சத்தத்தத் தவிர ஒன்னும் கேக்கல. வேற யாரு இருக்கா அங்க" என்றார்.

திரும்பிப் போய்ச் சேர எப்படியும் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும், உச்சி வெயில். அவன் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், முனகல் இல்லை, அமைதியாக இருந்தான். தலைமுடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை மார்பு வரைக்கும் நனைந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் முதலில் சந்தோஷப்பட்டேன். யாரோ நல்ல மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "யாரு மச்சான் தண்ணி குடுத்தது?" என்றேன்.

"நீங்கதான மாமா."

"நான் இப்பதான வர்றேன்."

"அப்பவே வந்துட்டீங்களே. ஊத்தி ஊத்திக் கழுவுனீங்களே, எமயப் பிரிச்சிப் புடிச்சிக்கிட்டு. மேல பாரு, கீழ பாரு, ரைட்ல பாருன்னு சொன்னீங்க. கண்ணு வாடகைக்குக் கெடைக்காது மச்சான்னு சொன்னீங்க. இப்ப எரிச்சல் எவ்ளவோ பரவால்ல."

கண் வாடகைக்குக் கிடைக்காது என்பது கம்பெனி டிரெய்னிங் ஹாலில் புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நான் சொல்கிற வசனம். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை, இவனிடம் சொன்னதே இல்லை. தரையைப் பார்த்தேன். வெள்ளை உப்பு மண்ணில் அவனைச் சுற்றிக் குடம் கவிழ்த்ததுபோல் ஈரம், எங்கள் இரண்டு பேர் பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. அவன் தாடையில் தொங்கிய சொட்டை விரலால் தொட்டு, அசிங்கம் பார்க்காமல் நாக்கில் வைத்தேன், உப்பில்லை. நல்ல கிணற்றுத் தண்ணீர்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சா மச்சான், நான் மொதல்ல வந்தப்ப?" என்று கேட்டேன். "இல்ல" என்றான். நான் கொண்டுவந்த தண்ணீரையும் ஊற்றிக் கழுவினேன், என் கை நடுங்கியதில் பாதி அவன் மூக்கில்தான் போனது. அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவனைப் பின்னால் ஏற்றி, சாமான் கட்டுகிற பெல்ட்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓட்டினேன். வழி முழுக்க என்னைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தான்.

கண் டாக்டரம்மா விளக்கைக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். "தில்லைப்பால்ல அடிபட்டு வர்றவங்கள நான் பார்த்திருக்கேன், இவ்ளோ சுத்தமா யாரும் கழுவிட்டு வந்ததில்ல. மேல் எமையத் திருப்பிக்கூட கழுவியிருக்கீங்க போல, உள்ள துளி பால் இல்ல. பட்ட உடனே கழுவுனதாலதான் தப்பிச்சுது, கொஞ்சம் லேட்டாயிருந்தா கருவிழியில தழும்பு விழுந்திருக்கும். நீங்கதான் பண்ணீங்களா?" என்று கேட்டார். இமையைத் திருப்பிக் கழுவ எனக்கு வராது. படத்தைக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன், ஒரு நாளும் செய்ததில்லை. நான் தலையாட்டினேன், வேறு என்ன சொல்வது?

மெடிக்கலைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கேட்டோம், கொடுத்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வந்தான். இன்றைக்கு அவன் ரயில் ஓட்டுகிறான். மாமனார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் மாப்பிள்ளைதான் இவன் கண்ணைக் காப்பாற்றினார் என்று சொல்லி வைத்திருக்கிறார், கல்யாண வீடுகளில் ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், அடக்கமான மனிதர் என்று பேர் வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு வந்திருந்தவன் மொட்டை மாடியில் என்னோடு தனியாக நின்றான். "மாமா, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே" என்றான்.

"கேளு மச்சான்."

"அன்னிக்கு மொதல்ல வந்து கழுவி வுட்டது நீங்கதான். அதுல எனக்கு டவுட்டே இல்ல. கொரலு, கையி, எல்லாமே நீங்கதான். நிதானமா பண்ணீங்க. ரெண்டாவதா ஒருத்தர் வந்தாரு பாருங்க, கையெல்லாம் நடுங்கிக்கிட்டு, ரத்தமா பிசுபிசுன்னு, தண்ணிய மூக்குல ஊத்திக்கிட்டு. என்னக் கட்டி வெச்சி வண்டில கொண்டாந்தது யாரு மாமா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதற்குள் கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள், இறங்கிப் போய்விட்டோம்.

வேலை பார்க்கிற ஊருக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் செய்கிறான். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பானாம், "மாமா பழைய மாதிரியேதான இருக்காரு?" தம்பிக்கு உங்கள் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று என் மனைவி சந்தோஷமாக வந்து சொல்கிறாள்.