இரண்டு கெஜம் குறைவு

பள்ளிப் பேருந்தில் ஏற மூன்று படிகள். லவெல் ஃபோன்டெனோ இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொள்வான். வலது முழங்காலை மடக்கினால் உயிர் போய் வரும். வயது என்னவோ முப்பத்தைந்துதான். வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கு அவன் வெறும் டிரைவர் லவெல். அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தினார்கள். அமெரிக்க ஃபுட்பாலில், பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மலை மாதிரி நிற்கிற ஆட்களுக்குள் புகுந்து ஓடுவது அவன் வேலை. அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் எதிரியை முட்டித் தள்ளி வழி திறப்பார்கள். அணிக்காரர்கள் நாலு வருஷம் அவனை முதல் ஒப்பந்தச் சம்பளத்திலேயே பிழிந்து எடுத்தார்கள். நியாயமான சம்பளம் கேட்கிற நேரம் வந்தபோது, கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை மலிவாகப் பிடித்து வந்தார்கள். தேய்த்தவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. வழி திறந்த தடியர்களுக்கோ வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறியது. இடப்பக்கம் நின்ற கர்ட் அடுத்த வருஷமே நாலு கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டான்.

ஊர் முடிவெட்டும் கடையில் இன்றைக்கும் இதுதான் பேச்சு. நம்ம பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்று பாதிப் பேர். கரும்பாலையில் நாள் முழுக்க வேகிற நாங்கள் மட்டும் என்ன வாங்கிக் கிழித்தோம் என்று மீதிப் பேர். எப்படிப் போனாலும் பேச்சு அந்தக் கடைசி ஆட்டத்தில் வந்து நிற்கும். அப்போது லவெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான்.

வருஷம் முழுக்க ஓடியது ஆயிரம் கெஜத்தைத் தொட்டால் ஐந்து லட்சம் டாலர் தனியாகத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கடைசி ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது லவெல் ஆயிரத்து ஒன்றில் நின்றான். அந்தக் கணக்கு குறையாமலிருக்க அவனை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் கர்ட் பயிற்சியாளரிடம் போய், எங்கள் பின்னால் கடைசியாக ஒரே ஒரு ஓட்டம், அவனுக்கு ஒரு மரியாதை என்று கெஞ்சினான். பயிற்சியாளரும் இளகிவிட்டார். பந்து வந்தது, லவெல் ஓடினான், மூன்று கெஜம் பின்னால் விழுந்தான். பின்னால் விழுந்தால் அதையும் கழித்துவிடுவார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

வருஷக் கடைசியில் ஓடுகிறவன் தன் ஐந்து தடியர்களுக்கும் பரிசு கொடுப்பது வழக்கம். அந்த ஐந்து லட்சத்தை நம்பி லவெல் ஐந்து ஜோடித் தோல் பூட்ஸ் அளவெடுத்துத் தைக்கச் சொல்லியிருந்தான். பணம் வரவில்லை, பூட்ஸ் வந்தது. அணியின் உடை மாற்றும் அறையைக் காலி செய்த அன்று அவன் பூட்ஸ் பெட்டியை நீட்டியபோது, கர்ட்டால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் தடுக்க வேண்டிய ஆளைத் தவறவிட்டதால்தான் லவெல் விழுந்தான் என்று அவன் நம்பினான். கடைசி ஆட்டம் என்பதால், வழக்கம்போல் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்க்கவில்லை. அவனாகப் பார்க்கத் துணியவுமில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் லவெல் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், உள்ளே வெறும் கையெழுத்து.

லவெல் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான், பல தடவை. கர்ட் தன் ஆளைச் சரியாகத்தான் தள்ளினான். இடப்பக்கம் கதவு மாதிரி திறந்து கிடந்தது. லவெல்தான், கேமராக்களெல்லாம் பார்க்க ஒரு நீள ஓட்டம் ஓடிக் காட்டினால் நல்ல ஒப்பந்தம் வரும் என்ற ஆசையில், வலப்பக்கம் திரும்பினான். அங்கே காத்திருந்து அவனை விழத்தட்டியவன் வேறொரு எதிரணிக்காரன். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தடவிக்கொடுக்கும்போது, நடுவில் இதைச் சொல்ல மனசு வருமா?

நவம்பரில் கர்ட் லவெலின் மனைவி ரெனிடாவைப் போனில் கூப்பிட்டான். தானும் ஆட்டத்தை விட்டாயிற்று, சனிக்கிழமை வருகிறேன், அந்த ஐந்து லட்சத்தை நானே தருகிறேன் என்றான். வாங்கிக்கொள், முழங்காலை அறுத்துச் சரிபண்ணலாம் என்று ரெனிடா நாலு நாள் சொன்னாள். லவெலுக்குக் காலும் வேண்டும், கர்ட்டும் வேண்டும். வாயைத் திறக்காமல் வாங்கினால் கர்ட்டின் முகத்தை மறுபடி பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னாலோ, ஒன்பது வருஷம் தன்னை வேகவிட்டவனை அவன் எதற்கு மன்னிக்க வேண்டும்?

சனிக்கிழமை கர்ட் வந்தான். வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த பேருந்துக்குப் பக்கத்தில் நின்றபடியே, எங்கே தைரியம் போய்விடுமோ என்பதுபோல் உறையை நீட்டினான்.

"அன்னிக்கு நான்தான்டா கெஞ்சி உன்னை உள்ள வரவழைச்சேன். என் ஆளையும் கோட்டை விட்டேன். இதை வாங்கிக்க."

லவெல் கையை நீட்டவில்லை. "நீ கோட்டை விடல. வழி திறந்துதான் இருந்துச்சு. நான்தான் பேராசையில வலது பக்கம் திரும்பிட்டேன். ஒம்பது வருஷமா எனக்குத் தெரியும்டா. சொல்லாம இருந்துட்டேன்."

கர்ட் பேருந்தின் படியில் உட்கார்ந்தான். அந்த உடம்புக்கு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. லவெல் அடி வாங்கத் தயாராக நின்றான்.

"ஒம்பது வருஷம்," என்றான் கர்ட். "உன் பொண்ணு பொறந்தப்ப நான் வரல. உங்க அம்மா செத்தப்ப வரல. இதுக்காகவாடா?"

"இதுக்காகத்தான். என்னை நாலு அறை அறைஞ்சிடு."

கர்ட் அறையவில்லை. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு உறையைப் படியில் வைத்தான். "அப்படின்னா இது அந்த ஒரு ஓட்டத்துக்கு இல்ல. நீ என் பின்னால ஆயிரம் தடவை ஓடினியே, அதைக் காட்டித்தான் எனக்கு நாலு கோடி குடுத்தானுங்க. உனக்கு ஒருத்தனும் குடுக்கல. எடுத்துக்க."

வாசலில் கரண்டியோடு நின்ற ரெனிடா இறங்கி வந்தாள். உறையை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, கம்போ குழம்பு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆண்கள் இரண்டு பேருக்கும் அவளை மறுத்துப் பேசும் துணிச்சல் இல்லை.

கர்ட் காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். உள்ளே அந்த பூட்ஸ், சுற்றிய காகிதம்கூடக் கலையாமல். ஒரு நாளும் போடவில்லை, போட மனசு வரவில்லை என்றான். படியில் உட்கார்ந்து காலை நுழைத்தான். பாதி போய் மாட்டிக்கொண்டது. தொப்பை இடித்தது, குனிந்து இழுக்க அவனால் முடியவில்லை.

"நகரு, எருமை," என்றான் லவெல். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடக்கவே கூடாத அந்த வலது முழங்காலை மெதுவாக மடக்கி, பல்லைக் கடித்தபடி மண்ணில் மண்டியிட்டான். கர்ட்டின் குதிகாலை உள்ளங்கையில் தாங்கினான்.

"இப்ப தள்ளு," என்றான்.