அடுத்த ஓடையின் ஆண்மீன்

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்த்தவர் குடியிருந்தது என்னவோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் உட்கார வழியில்லை. கூடம் முழுக்கப் பதினெட்டுக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே தங்கமீன் துள்ளி விளையாடுகிறதா என்றால் அதுவும் இல்லை. அரைவிரல் நீளத்தில், காய்ந்த இலை நிறத்தில் ஒரே வகை மீன், அவ்வளவுதான். "இதைப் பாக்கவா மூணு மாடி ஏற வச்சீங்க மாமா?" என்பாள் மைத்துனி. லிஃப்ட்காரர் சிரித்து மழுப்புவார்.

இருபது வருடங்களுக்கு முன் அவரும் மனைவியும் ஓர் ஓடையில் டீ வடிகட்டியால் அள்ளிவந்த எட்டு மீன்களின் வாரிசுகள் அவை. பிறகு கல்குவாரி வந்து ஓடையைக் குடித்துவிட்டது. அந்த மீன் இனி இவர்கள் வீட்டில்தான் என்றானது. பொழுதுபோக்காகத் தொடங்கியது அன்றிலிருந்து பொறுப்பாகிவிட்டது.

இப்படி வளர்க்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்குள் ஒரே சட்டம்: தொட்டியில் எந்த ஓடை, எந்தத் தேதி என்று சீட்டு ஒட்ட வேண்டும், ஓர் ஓடை மீனை இன்னோர் ஓடை மீனோடு சேர்க்கவே கூடாது. இந்த விஷயத்தில் லிஃப்ட்காரர் கறார். சீட்டு இல்லாமல் மீன் வளர்க்கிறவனைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவர்தான் அதைச் செய்தார். ஒன்பது வருடங்களுக்கு முன் மனைவி நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். அவரும் மகளும் அங்கேயே கிடந்ததில் தொட்டித் தண்ணீர் கெட்டு மீன்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தன. மிஞ்சியது ஐந்து. ஐந்தும் பெண்.

மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர், முடிதிருத்துகிறவர், துக்கம் விசாரிக்க வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையின் மீன் அவரிடம் இருந்தது. பார்க்க அச்சுஅசல் இதே மீன்.

"ஒரு ஆணை எடுத்துக்குங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது."

எடுத்துக்கொண்டார். மூன்றே வருடத்தில் தொட்டிகள் நிறைந்தன. சீட்டு மட்டும் மாறவில்லை.

போன மாதம் ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் தேடி வந்தார். குவாரியை மூடிவிட்டார்களாம், ஓடையில் தண்ணீர் வருகிறதாம், விடுவதற்கு இருநூறு மீன் வேண்டுமாம். துடுப்பில் துளி வெட்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி அள்ளிவந்தது திரும்பப் போகப்போகிறது. அந்த ஓர் ஆணைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்பது வருடத்தில் கரைந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆராய்ச்சிக்கார அம்மா திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"சார், உங்க மீன்ல பக்கத்து ஓடை மீன் கலந்திருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டோம்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் சீட்டைக் காட்டினார்.

"நான்தான் கலந்தேன் மேடம். அது என் சம்சாரம் கையெழுத்து. நடந்ததை எழுதணும்னா அதைக் கிழிச்சிட்டு வேற ஒட்டணும். மனசு வரல."

அந்த அம்மா குனிந்து சீட்டைப் படித்தார்.

"ஓடையில ஒண்ணுமே இல்லையே மேடம். சும்மா கிடக்கறதுக்கு இதையாவது..."

"இருக்கு சார். போன வாரம் மேல பாறையிடுக்குல ஒரு குட்டையில பதினோரு மீன் கிடைச்சுது. அசல் மீன். உங்களோடதை விட்டா அதுவும் கலந்துபோயிடும்."

ஓடையில் மீன் இருக்கிறது. இத்தனை வருடமாக அவர் கேட்கத் துடித்த சொல். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய்யில்லை. வயிறும் எரிந்தது.

"அதுல ஆண் எத்தனை?"

"நாலு சார்."

"நாலு போதும்," என்றார்.

கொல்ல வேண்டாம், ஆனால் இனி பெருக விடக்கூடாது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வாளியைப் பிடிக்க, அவர் வலையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆண் ஒன்பது தொட்டி, பெண் ஒன்பது தொட்டி.

"இன்னும் எத்தனை வருஷம்பா இருக்கும்?"

"மூணு. நல்லாப் பாத்துக்கிட்டா நாலு."

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மகள் கைகழுவப் போனாள். சினைக்காலம் அது. ஆண்களுக்கு நெஞ்சில் சிவப்பு ஏறியிருந்தது; பக்கத்துத் தொட்டியில் பெண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் வந்து வந்து முட்டின. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து அளவாக வெட்டி, தொட்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினார்.