பரங்கிப் பூவும் செதுக்கிய வரப்பும்

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆனிக் கடைசியில், செலியமேட்டில் இருந்த என் அக்கா தன் மகளின் நிச்சயத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தாள். அதோடு நிற்காமல் வாய்க்கால் ஓரத்துப் பரங்கித் தோட்டத்தையும் அழகுபடுத்தினாள். வரப்பில் பூத்துக் கிடந்த தும்பையையும் கொழிஞ்சியையும் ஆள் விட்டுச் செதுக்கினாள். கொடியில் வண்டு தென்படக் கூடாதென்று காலை வேளையில் மருந்துத் தூள் தூவினாள். வந்த சம்பந்தியம்மாவிடம், "கல்யாணத்துக்குப் பரங்கிக்காய் மட்டும் கடையில வாங்க மாட்டேன்" என்று சொல்லியும் விட்டாள். முகூர்த்தம் ஆவணிக் கடைசியில்.

ஆடி மூன்றாம் நாள் நான் போனபோது கொடி நிறைய மஞ்சள் பூ. பிஞ்சுகள் எல்லாம் வெம்பி உதிர்ந்து கிடந்தன.

"எவ கண்ணு பட்டுச்சோ" என்றாள் அக்கா.

எது எப்போது பூக்கிறது என்று நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். முந்தைய வருஷம் அதே வாரத்தில், "தும்பையில் தேனீக் கூட்டம். பரங்கிப் பூவுக்குள்ளும்" என்று எழுதியிருந்தேன். இப்போது வெயில் ஏறும்வரை உட்கார்ந்து பார்த்தேன். எறும்பைத் தவிர எதுவும் வரவில்லை. வரப்பைச் செதுக்கியதாலும் மருந்தாலும்தான் தேனீ வரவில்லை, அது வராமல் காய் பிடிக்காது என்று அக்காவிடம் சொன்னேன்.

"வர்றவங்க கண்ணுக்கு நல்லா இருக்கணும்னு செஞ்சேன். இப்ப இன்னாடா பண்றது?"

மறுநாள் விடியலில் இருவரும் தோட்டத்தில் இறங்கினோம். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத்தை அடியில் பிஞ்சு இருக்கும் பெண் பூவுக்குள் தடவ வேண்டும். நான் புத்தகத்தில் படித்ததுதான், செய்ததில்லை.

"பொண்ணுக்கு முன்னாடி பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்கிறேன். மொய் யாரு வெப்பா?" என்றாள் அக்கா.

"ஒரே பூவை ரெண்டு தரம் தடவுற" என்றேன்.

"உன்னாட்டம் எழுதி வெச்சிக்கினு தடவ எனக்கு நேரமில்ல. அந்தண்ட போடா."

ஆடிப்பெருக்கு வரை தினமும் போனோம். தடவியதில் பாதிதான் நின்றது. பந்திக்கு அது போதும்.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா சாம்பாரில் இருந்த துண்டைக் காட்டி, "உங்க தோட்டத்துதா?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணும் எங்கையால" என்றாள் அக்கா. அவர் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். எனக்குத்தான் புரையேறியது.

அடுத்த ஆனியில் மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தபோது வரப்பு முழுக்கத் தும்பை. அக்கா அதில் யாரையும் கைவைக்க விடவில்லை. தேனீக்கள் வந்தன, ஆனால் என் பழைய குறிப்பில் இருந்த அளவுக்கு இல்லை. மேற்குக் கோடிப் பூக்களை அந்த வருஷமும் நாங்களே தடவினோம்.