லோடு இறங்கிய வீடு

தண்ணீர் லாரி ஓட்டுபவர்களை நான் நம்பியதே இல்லை. தண்ணீரை வழியில் விற்றுவிட்டு வருவார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வோம். மென்பொருள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் தாம்பரத்தில் லாரிகள் வைத்திருந்த ஒருவரிடம் வேலைக்குப் போனபோதும் அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

வாடிக்கையாளர்கள் போனில் லோடு கேட்பது ஒரு மென்பொருளில். லாரிகளை அனுப்புவது இன்னொன்றில். முதலாவது இரண்டாவதற்கு அனுப்பும் செய்தியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று வகுத்தது நான். வாடிக்கையாளர் எண் மட்டும் போதும், முகவரியை அவர் விவரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் சேமிக்காதே என்பது நான் படித்த பாடம். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

ஒருநாள் முதலாளி ஓட்டுநர் ஒருவரை நிறுத்திவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாருங்க சார், போன மாசம் இந்த லோடு மாடம்பாக்கத்துக்கு. ஜிபிஎஸ்ல வண்டி ராஜகீழ்ப்பாக்கத்துல நிக்குது. தண்ணிய வித்துட்டான்.”

“ராஜகீழ்ப்பாக்கத்துலதான் சார் அந்தக்கா வூடு கீது. அவங்களே சம்ப் தொட்டி மூடியத் தொறந்து வுட்டாங்க. ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்.”

திரையைப் பார்த்தேன். மாடம்பாக்கம் என்றுதான் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்தேன். கதை கட்டுகிறான் என்று தோன்றியது.

“கஸ்டமரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? சிஸ்டம் பொய் சொல்லாது” என்றேன்.

சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

சில மாதங்களில் நான் மகள் வீட்டுக்குக் குடிபோனேன். நானும் எங்கள் லாரித் தண்ணீர்தான் வாங்கினேன்; வாடிக்கையாளராக என் முகவரியை மாற்றிவிட்டுப் பழைய பதிவுகளைத் திறந்தேன். பழைய வீட்டில் நானே நின்று இறக்கிய லோடுகள் எல்லாம் மகள் வீட்டுக்கு வந்ததாக இருந்தன. லோடு போன நாளின் முகவரியை நான் எங்கும் சேமிக்கவே இல்லை. யார் வீடு மாறினாலும் அவர்களுடைய பழைய லோடுகளும் கூடவே வீடு மாறின.

அந்தப் பெண்மணிக்கு அப்போதுதான் போன் செய்தேன்.

“அந்த லோடு வந்தப்ப ராஜகீழ்ப்பாக்கத்துலதான் சார் இருந்தோம். அப்புறம்தான் மாடம்பாக்கம் வந்தோம். ஏன், அந்த டிரைவருக்கு ஏதாவது பிரச்சனையா?”

இரண்டாவது மென்பொருளுக்குப் போகும் செய்தியில் முகவரியையும் சேர்த்தேன். அது இனிமேல் போகும் லோடுகளுக்குத்தான் உதவும். முதலாளியிடம் சொன்னபோது என்னையே ஒரு மாதிரிப் பார்த்தார். “வேற ஆள் போட்டாச்சே சார்” என்றார்.

ஓட்டுநர் குன்றத்தூர்ப் பக்கம் வேறொருவர் லாரியில் கிளீனராக இருந்தான். போய், தப்பு என்னுடையது என்றேன். ஓஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“இத்த யாரு சார் சொன்னது? அதே கம்ப்யூட்டரா?”

“இல்லப்பா. அந்த அம்மாவுக்குப் போன் பண்ணேன்.”

“அன்னிக்கே பண்ணச் சொன்னேனே சார்” என்றான். லாரி கிளம்பிவிட்டது, பின்னால் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.