ஐஸ் கரைவதற்குள்

மலைமேலிருக்கும் குரங்கணிக்குச் சைக்கிளில் போ என்று கன்னையனுக்கு உத்தரவு போட்ட அதிகாரி, அந்த ஏற்றத்தை ஒருநாளாவது பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். வருஷம் 1984. பிள்ளைகளுக்கான போலியோ சொட்டு மருந்தைப் போடியிலிருந்து மேலே கொண்டுபோவது கன்னையன் வேலை. ஜீப்பு எப்போது கேட்டாலும் ரிப்பேர். புதன்கிழமை விடிந்ததும் ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மலையடிவாரத்து முந்தல் வரை மிதிக்கலாம். அப்புறம் தள்ள வேண்டியதுதான்.

"சைக்கிள இங்கயே போட்டுட்டு நடங்கண்ணே" என்று வழியில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "பெட்டிய நீ சொமக்கிறியா?" என்று எரிந்து விழுவார். ஐஸ் கரைந்தால் மருந்து வீண். மூச்சு வாங்க நின்றால்கூட சக்கரத்துக்குக் கல் கொடுத்துத்தான் நிற்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை மூன்று மணி நேரம் தள்ளினார். செயின் வேறு இரண்டு தடவை கழன்றது. ஒருவழியாகக் குரங்கணி டீக்கடையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால், தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கும் ஒச்சம்மாள் மருந்துக் குப்பிகளையெல்லாம் சுடுதண்ணீரில் போட்டு வைத்திருந்தாள்.

"அடிப்பாவி! என்னாத்தா செஞ்ச?"

"ஒரே சில்லுன்னு இருந்துச்சுண்ணே. பிஞ்சுகளுக்குச் சளி பிடிச்சுரும்ல, அதான்."

வாய்க்கு வந்தபடி திட்டத்தான் போனார். அதற்குள் அவள் இடுப்புப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "மூத்தவன் சளியிலதாண்ணே போனான்" என்றாள்.

மனுஷனைத் திட்டக்கூட விடுவதில்லை! சைக்கிளை ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது. காத்திருந்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. கேரியரில் ஒரு மரக்கொப்பைக் கட்டி, அதைத் தரையில் இழுத்துக்கொண்டே போடிக்கு இறங்கினார்.

அடுத்த புதன்கிழமை முந்தலைத் தாண்டிய முதல் ஏற்றத்தில் பிள்ளையோடு நின்றாள் ஒச்சம்மாள். ஒரு கையால் கேரியரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

"சோலியப் போட்டுட்டு இம்புட்டுத் தூரம் எதுக்கு எறங்கி வந்த?"

"நான் கெடுத்த மருந்துண்ணே."

"பெட்டியில கைபடாமத் தள்ளு" என்றார்.

மேலே போனதும் முதல் சொட்டு அவள் பிள்ளைக்குத்தான். "சில்லுன்னு இருக்குமேண்ணே..." என்று இழுத்தாள். பிறகு, "போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிள்ளை சப்புக்கொட்டியது.