முகராசிக்குப் பதினாறு

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவன் கல்லூரியில் என்னோடு படித்த கடையநல்லூர் நண்பன். எண்பதுகளின் நடுவில் அவன் வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வந்தால் எங்கள் அம்மாவுக்குத் தைலமும் எனக்கு ஒரு பேனாவும் நிச்சயம். அந்த முறை கூடவே ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தது. கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் அவனோடு ஒரே அறையில் இருந்த வெள்ளைக்காரர் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம்.

"விளையாட்டுதான்வே. ஆனா காய் கிடையாது, கட்டம் கிடையாது. நாமதான் காய்," என்றான்.

பெட்டிக்குள் ஒரு புத்தகமும் ஒரு பொட்டலம் பகடைகளும் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினான். நாலு முகம், ஆறு முகம், எட்டு, பன்னிரண்டு, இருபது. அப்போது நான் சங்கரன்கோவிலில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். எல்லாப் பக்கமும் எல்லா மூலையும் ஒன்றுபோல் இருக்கிற ஒழுங்குத் திண்மங்கள் உலகத்தில் ஐந்துதான், ஆறாவது இருக்கவே முடியாது என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டியிருந்தார். அந்த ஐந்தும் புளியங்கொட்டை கனத்தில் என் கையில் கிடந்தன.

முகங்களில் எண்கள் வெறும் பள்ளமாக இருந்தன; கேம்பில் உற்றுப் பார்த்துத்தான் ஆடினார்களாம். அவற்றில் தேய்த்து நிரப்பக் கொடுத்திருந்த மெழுகுக் குச்சி வளைகுடா வெயிலில் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அப்போது டீ கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கண்மை டப்பாவை எடுத்துவந்தாள். சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்திலும் மையை வைத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, எண்களைத் தெரிய வைத்தாள்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டு, மூன்று வருஷத்துக்கு முன் திரும்பி வந்துவிட்டாள். அவள் அந்த வீட்டில் கால் வைத்த வருஷம் குளம் உடைந்து வயல் போயிற்று, மாமனாருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. ராசியில்லாதவள் என்றார்கள். அவள் புருஷனும் அதையே சொன்னார். வந்தது முதல் அவள் பேச்சு குறைந்துவிட்டது. விருந்தாளி வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள். அன்று மைக்காக உட்கார்ந்தவள், ஏனோ எழுந்து போகவில்லை.

"ரெண்டு பேராவது ஆடணும். அக்கா, நீங்களும் சேருங்க," என்றான் நண்பன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

முதலில் ஆளைச் செய்ய வேண்டும் என்றான். ஆறு முகப் பகடையை மூன்று தடவை உருட்டிக் கூட்ட வேண்டும். அப்படி ஆறு கூட்டுத்தொகைகள். ஒன்று பலத்துக்கு, ஒன்று அறிவுக்கு, ஒன்று விவேகத்துக்கு, ஒன்று கைச்சுறுசுறுப்புக்கு, ஒன்று உடம்புக்கட்டுக்கு. ஆறாவதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவன் திணறினான். "ஒருத்தரைப் பார்த்தவுடனே நாலு பேருக்குப் பிடிச்சுப் போகும்லா, அது," என்றான்.

"முகராசி," என்றாள் அக்கா. அவளாக முன்வந்து அன்று பேசிய முதல் சொல் அது.

எனக்கு அறிவில் பதினைந்து விழுந்தது. யோசிக்காமல் மந்திரவாதி என்று எழுதிக்கொண்டேன். அக்கா நிதானமாக உருட்டினாள். பலம் ஒன்பது. அறிவு பன்னிரண்டு. விவேகம் பதினொன்று. சுறுசுறுப்பு பதின்மூன்று. உடம்புக்கட்டு எட்டு. கடைசி உருட்டலில் ஆறு, ஐந்து, ஐந்து. முகராசிக்குப் பதினாறு.

பக்கத்துக் கொட்டகையில் தறிகளுக்கு விடுமுறை என்பதால் தெருவே சத்தமில்லாமல் இருந்தது. நான் தாளைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

நண்பனுக்கு எங்கள் வீட்டுக் கதை முழுதாகத் தெரியாது. அவன் உற்சாகமாக, "நல்லா விழுந்திருக்கு அக்கா. இது இருந்தா எதிரியே உங்க பேச்சைக் கேப்பான்," என்றான்.

"இதைக் குறைச்சுட்டு வேற எதுலயாவது போட முடியுமா?" என்றாள் அக்கா.

அவன் புத்தகத்தைப் புரட்டினான். "ரெண்டு குறைச்சா ஒண்ணு கூட்டலாம். ஆனா முகராசியில கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே." கொஞ்சம் தயங்கினான். "சரி, நாமதானே ஆடுதோம். எதுல போடணும்?"

"முதல்ல ஆளுங்க என்னென்ன வகைன்னு சொல்லுங்க."

அவன் விளக்கினான். சண்டைக்காரன், மந்திரவாதி, காயம் ஆற்றுகிற பூசாரி, திருடன். அக்கா ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டாள். யார் என்ன உடுத்தலாம், யார் எப்போது ஓய்வெடுப்பார், காயம் பட்டால் என்ன ஆகும்.

"ரெண்டும் சேர்ந்த ஆளு கிடையாதா? நம்ம ஊர்ல சாமியே பாதி சிவன், பாதி பெருமாள்தானே," என்றாள்.

நண்பன் சிரித்துவிட்டான். "இருக்கு. வாளும் மந்திரமும் சேர்ந்து ஒரு வகை இருக்கு. ஆனா வளர ரொம்ப நாளாகும்."

"அப்ப வேண்டாம். இதுல முதல்ல உள்ள போறது யாரு?"

"திருடன்தான். தனியா முன்னால போயி, கதவுல காதை வச்சுக் கேட்டு, பூட்டைத் திறந்து வழி பாக்கணும். ஆனா பலம் பத்தாது. மாட்டினா செத்தான்."

"சுறுசுறுப்புல போடுங்க. முகராசி பத்து போதும்."

எனக்குள் இருந்த வாத்தியார் பொறுக்கவில்லை. "ஆறைக் குடுத்து மூணு வாங்குதியே அக்கா. மொத்தத்துல நஷ்டம்லா?"

"மொத்தத்தை வச்சு நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியது கூடுதுல்லா," என்றாள். பென்சிலை வாங்கிப் பதினாறை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள். பதின்மூன்றை அடித்துப் பதினாறு என்று எழுதினாள். ஒரு மனுஷி தன்னிடம் இருப்பதை எடுத்துப் பார்த்து, இது வேண்டாம், அது வேண்டும் என்று மாற்றி வைப்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆட்டம் மலையடிவாரத்தில் ஒரு குகையில் தொடங்கியது. நண்பன் சொல்லச் சொல்ல நாங்கள் என்ன செய்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். என் மந்திரவாதிக்கு இரண்டே உயிர்ப்புள்ளி, அதற்குமேல் அடி தாங்கமாட்டான். முதல் திருப்பத்திலேயே ஒரு பெருச்சாளி கடித்துச் செத்துப்போனான். அதன்பின் நான் வேடிக்கை பார்ப்பவன் ஆனேன்.

அக்காவின் ஆள் ஒரு கதவுக்கு முன் வந்தாள். உள்ளே ஐந்து பேர் பேசும் சத்தம்.

"என்ன செய்தீங்க அக்கா?"

"நிக்கேன்."

"அப்புறம்?"

"இன்னும் நிக்கேன். அவங்க சாப்பிட உக்காரட்டும். சாப்பிடும்போது யாரும் கதவைப் பாக்க மாட்டாங்க. பரிமாறுத ஆளு மட்டும்தான் பாக்கும். அந்த ஆளு எந்தப் பக்கம் நிக்கு?"

நண்பன் புத்தகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. மூடிய கதவுகளையும் உள்ளே சாப்பிடுகிறவர்களையும் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அவள் உள்ளே போனாள், வேண்டியதை எடுத்தாள், ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தாள். நண்பன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எங்க கேம்புல ஆறு மாசமா ஆடுதோம். ஒருத்தனும் அந்த அறையில இருந்து உயிரோட வந்தது கிடையாது," என்றான். அக்கா டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் லீவு முடிவதற்குள் இன்னும் மூன்று ஞாயிறுகள் ஆடினோம். நான் இரண்டு முறை செத்தேன். அவள் ஒரு முறையும் சாகவில்லை. அம்மா வாசலில் இருந்தபடியே, "அந்தக் கதவுக்குப் பின்னால என்னட்டி இருந்துது?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

நண்பன் கிளம்பிப் போன பிறகு ஆவணியில் ஒரு நாள் காலை, அக்கா குளித்து, இருப்பதிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"வாசுதேவநல்லூர் போயிட்டு வாரேன்."

அம்மா பதறினாள். "தம்பியக் கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்மா. அவன் வந்தா அவங்க அவன்ட்டதான் பேசுவாங்க."

நான் பள்ளிக்கூடத்தில் அன்று என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் துணிப்பையில் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் டைப் பரீட்சைச் சான்றிதழும் இருந்தன. நான் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டும் அவள் புருஷன் வீட்டார் தராதவை.

"யாருக்கா குடுத்தா?"

"மாமியாதான். எல்லாரும் சாப்பிட உக்காருத வரைக்கும் வாசல்ல நின்னேன், பரிமாறுதது அவங்கதானே. அவங்களுக்கு இப்பக் கண்ணு சரியில்லடா, பாவம். அடுத்த வாரம் மனு எழுதணும், நல்ல தாளா வாங்கிட்டு வா," என்றாள்.

மறு வருஷம் தென்காசியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள், பிறகு அதுவே நிரந்தரமாயிற்று. முதல் நாள் அவளை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். வண்டி நகரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த யாரோ ஓர் அம்மாளிடம் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அவள் பேச்சுக்கு வாகாக நகர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் கையசைக்க அவளுக்கு நினைவில்லை.