ஆர்வில் கிராட்ஸ் வெட்டிய ஒரு சென்ட்

ஓஹையோவில் எங்கள் ஊர் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஆர்வில் கிராட்ஸ் என்று ஒருவர். முப்பத்து நாலு வருஷம் தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். உலோகம் அவருக்கு அத்துப்படி. மனுஷர்கள்தான் ஆகாது.

மாதத்தின் முதல் செவ்வாய், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சங்கம் கூடும். ஆறிப்போன காபி, சர்க்கரை தூவிய டோனட், மடக்கு மேசை, அதற்குப் பின்னால் ஆர்வில். யூடியூபில் எவனோ 'உங்கள் சட்டைப்பையில் லட்சம் டாலர்' என்று கத்துவான். அதை நம்பி அரை ஊர் அவர் முன்னால் வரிசையில் நிற்கும். கார் ஏறி நசுங்கிய காசு, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு மாசக்கணக்கில் உருண்டு விளிம்பு தடித்த காசு, அமிலத்தில் ஊறி மெலிந்த காசு. இந்த லட்சணத்தில் ஒவ்வொரு முகத்திலும் புதையல் எடுத்த களை வேறு. நாணயச்சாலையிலேயே பிழையோடு பிறந்த காசுக்குத்தான் விலை, வெளியே வந்து அடிபட்ட காசு வெறும் குப்பை என்று எத்தனை தரம் சொன்னாலும் அந்த மண்டைகளில் ஏறாது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஆர்வில் ஏளனத்துக்கு மாறினார். கருவிப் பெட்டியைத் திறந்து, தன் காசு ஒன்றைச் சுத்தியலால் ஒரு தட்டு, இடுக்கியால் ஒரு திருகு. "இந்தா, உன்னோடதுக்கு ஒரு தம்பி" என்று நீட்டுவார். கூடம் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் ருசி கண்ட மனுஷன் சும்மா இருப்பாரா? அதற்காகவே வர ஆரம்பித்தார்.

அவர் வாய்க்கு அதிகம் இரையானது சொந்த மருமகன் கர்ட். கிடங்கில் சரக்கு அடுக்கும் சாது. மகள் கெயிலைக் கட்டிய நாளிலிருந்து மாமனாருக்கு அவன் ஓர் ஆளே இல்லை. அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று, இரண்டு வருஷமாக வங்கியிலிருந்து ஒரு சென்ட் காசுகளைச் சுருள் சுருளாக வாங்கி வந்து சமையலறை மேசையில் கொட்டிப் புரட்டினான். பிழைக் காசு என்று கொண்டுவந்த பதினொன்றையும் ஊர் முன்னால் குப்பை என்றார் ஆர்வில். குப்பைதான், அதில் தப்பில்லை. ஒரே ஒரு நிஜப் பிழையைக் கொண்டுவந்தால், நீயும் ஓர் ஆள்தான் என்று எழுந்து நின்று சொல்வதாகச் சவாலும் விட்டார். அந்த அசடு அதை மனதில் போட்டுக்கொண்டது.

போன நவம்பரில் கர்ட் ஒரு 1974 செம்புக் காசை நீட்டினான். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி.

நாணயச்சாலையில் தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் காசு இப்படிக் குறைந்து பிறக்கும். பிறகு விளிம்பு எழுப்ப உருட்டுவார்கள். கடிபட்ட இடத்தில் பிடிப்பு இருக்காது; அதனால் அதற்கு நேர் எதிரேயும் விளிம்பு எழாமல் மழுங்கி நிற்கும். வீட்டில் வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். கடியைப் பார்க்காதே, எதிர்ப்பக்கத்தைப் பார் என்று சங்கத்துக்கே பாடம் எடுத்தவர் ஆர்வில்தான்.

பார்த்தாரா? கர்ட் கொடுத்த காசாயிற்றே, அதற்குப் பூதக்கண்ணாடி ஒரு கேடா! கூடத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஏன் மாப்ளே, கத்தரி வீட்டுலயே இருந்துச்சா, இல்ல பக்கத்து வீட்டுல வாங்கினியா?"

"நான் வெட்டல மாமா. சுருள்லயே இருந்துச்சு. கொஞ்சம் திருப்பிப் பாத்தீங்கன்னா..."

"ஒரு பக்கம் மட்டும் வெட்டினா நல்லாவா இருக்கு? ஜோடி சேத்து விடுறேன், இரு."

தகடு வெட்டும் கத்தரியை எடுத்தார். தன் காசைத் தேடக்கூட இல்லை. கர்டின் காசையே பிடித்து, கடிக்கு நேர் எதிரே நறுக்கென்று ஒரு வெட்டு. கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது.

மேசையில் விழுந்த துண்டைச் சுண்டிவிடப் போன விரல் நின்றது. உலோகம் தடவியே தேய்ந்த விரல் அது; தொட்டதுமே தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விளிம்பு மழுங்கியிருந்தது. நிஜம். பிழையோடு பிறந்த காசு. அதன் சாட்சியைத் தன் கையாலேயே நறுக்கி, அதையும் அடிபட்ட காசாக்கிவிட்டார், மகா மேதை!

ஒன்று சொல்ல வேண்டும், மனுஷன் மறைக்கவில்லை. எழுந்து நின்றார். "இது நிஜம். நான் பாக்காம வெட்டிட்டேன். கர்ட் சொன்னதுதான் சரி" என்றார். வேடிக்கையின் அடுத்த பாகம் என்று நினைத்து, கூடம் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தது. காசையும் துண்டையும் சுற்றுக்கு விட்டார். கத்தரியில் நசுங்கித் துண்டு சுருண்டிருந்தது. சங்கச் செயலாளர் நார்பர்ட் ஒரு கணம் பார்த்து, இரண்டுமே கத்தரி வேலை என்று தீர்ப்புச் சொல்லி அடுத்தவரிடம் தள்ளினார். நின்று பார்க்க அங்கே யாருக்குப் பொறுமை? பார்க்காமல் சிரிக்கத்தான் ஆர்வில் அவர்களை இத்தனை வருஷம் பழக்கியிருந்தார். முகம் சிவக்க, சத்தியமாக நிஜம் என்று கெஞ்சினார். அப்புறம்தான் சிரிப்பு அடங்கியது. வயசான மனுஷன் வீட்டுப் பிள்ளைக்காக வளைந்து கொடுக்கிறார் போலிருக்கிறது என்று, ஒவ்வொருவராகச் சங்கடத்தோடு டோனட் பக்கம் நகர்ந்தார்கள்.

கர்ட் மட்டும் நின்றான். ஆர்வில் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அவன் தடவவில்லை.

"விடுங்க மாமா" என்றான் மெதுவாக. "எனக்காகப் பொய் சொல்ல வேணாம். பாத்ததுமே குப்பைன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

துண்டை மேசையில் வைத்துவிட்டு, மாமனாரின் மேல்கோட்டை எடுத்து, அவர் கை நுழைக்க வாகாக விரித்துப் பிடித்தான்.